புரட்டிப் போட்ட படிக்கல்

மேட்டுக்கொம்பை என்று சாலையோரத்துப் பெயர்ப்பலகை சொல்லும்; அதைப் படித்துவிட்டு ஊரைத் தேடுகிறவர்கள் அண்ணாந்து மேட்டைப் பார்ப்பார்கள், ஊர் கிடப்பதோ அவர்கள் காலடியில், ஆயிரத்து நூற்று எண்பத்தாறு படிக்குக் கீழே. பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை. ஏழு குடும்பங்கள் ஆட்டையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு வந்து குடிசை போட்ட காலத்தில் அது மேடாகத்தான் இருந்தது, நான்கு திசையும் திறந்து கிடந்தது, ஆடிக் காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. வந்த மூன்றாம் மாதம் அங்கே முதல் பிள்ளை பிறந்தது, அது அழுத நேரத்தில் வீடும் கொட்டிலும் ராகிக் காடும் ஓடையுமாக ஊர் மொத்தமும், பானைத் தண்ணீர் தளும்பாமல், ஒரு சாண் கீழே இறங்கியது. இரண்டாவது பிள்ளைக்கு இன்னொரு சாண். ஏழாவது பிள்ளைக்கு மாடுகள் மேய்ச்சலுக்கு ஏற முடியாமல் நின்றதால் படி போட வேண்டியதாயிற்று. அதற்குமேல் இதைப் பற்றிப் பேச அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளை பிறந்தால் ஊர் இறங்கும், ஊர் இறங்கினால் படி போட வேண்டும், அவ்வளவுதான்.

இப்படி இறங்கி இறங்கித்தான் அது பள்ளத்தாக்கு ஆனது. சமதரையில் ஓடிய ஓடை விளிம்பிலிருந்து விழுந்து அருவியானது. அதைப் படம் பிடிக்க ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் வருகின்றன, எவ்வளவு அழகு, இயற்கை செய்த வேலை என்று மேலே நின்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இயற்கை என்ன செய்தது, பெற்றவர்கள் பெற்றது. வெயில் காலை பத்து மணிக்கு வந்து இரண்டரைக்குப் போய்விடுவதால் ராகி போட்டவர்கள் மிளகுக்கு மாறிக்கொண்டார்கள். மளிகை வாங்க மேலே போகிறவன் முதலில் தன் பிள்ளைகளின் படியையும், பிறகு தன் படியையும், அதற்கும் மேலே தன் அப்பன் படியையும் பாட்டன் படியையும் மிதித்து ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிப்பான். கோபித்துக்கொண்ட பிள்ளைகள் தங்கள் தங்கள் படியில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆகவே அந்த ஊரில் பிள்ளையைத் தேடி யாரும் அலைந்ததில்லை.

ஊருக்கு வாழ வந்தவள் என்றாலும் ஊரிலிருந்து கட்டிக்கொடுத்துப் போனவள் என்றாலும், அவள் எங்கே போய்ப் பெற்றாலும், மேட்டுக்கொம்பை இறங்கும். படிக்கல் போட வேண்டியவன் தாய்மாமன். தகப்பன் பிள்ளையின் குதிகாலைப் பிடித்துக்கொள்ள, தாய்மாமன் உச்சந்தலையில் மஞ்சள் நூலை வைத்து அளந்து, அந்த நீளத்துக்குக் கல் வெட்டிக் கொண்டுவந்து கடைசியில் பதித்து, அதன்மேல் ஏறி நின்று பிள்ளையின் பெயர், தாயின் பெயர், தகப்பனின் பெயர் மூன்றையும் ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். அளவு நெல்மணி அகலம் தப்பினாலும் கல் ஆடும். சிமெண்டு போட்டாலும் ஆடும்.

ஊரின் நல்லதை எல்லாம் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிப் பொய்யாகிவிடும். ஊர் ஒப்பாத இடத்தில் மனம் வைத்து ஒரு பெண் போய்விட்டால், அவளைப் பெற்றவனோ உடன்பிறந்தவனோ அருவியில் தலைமுழுகி, ஈரத்தோடு படியேறிப் போய், அவளுடைய கல்லைக் கடப்பாரையால் நெம்பிப் புரட்டிப் போட வேண்டும், இழைத்த முகம் மண்ணுக்குள்ளும் முரட்டு முகம் வானத்துக்குமாக. அது முடியும்வரை ஊரார் எல்லோரும் படிக்கு முதுகைக் காட்டி அருவியைப் பார்த்து நிற்பார்கள். செய்யச் சொல்லத் தெம்பிருந்தவர்களுக்குப் பார்க்கத் தெம்பு இருக்கவில்லை. கல்லைப் புரட்டிவிட்டால் அவளுக்கு எத்தனை பிறந்தாலும் ஊர் இறங்காது. மண்ணே மறந்துவிட்டது, நாம் என்ன செய்ய, என்று தங்களைத் தேற்றிக்கொள்வார்கள். அப்படி ஐந்து கற்கள் இருந்தன. அதில் ஒன்று ஊர்த்தலைவர் கெம்பண்ணருடைய மூத்த மகளின் கல்; பதினேழு வருசமாக அவர் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த ஒரு படியை மட்டும் மிதிக்காமல் தாண்டுவார், முழங்கால் தேய்ந்த பிறகும் தாண்டினார்.

ஆறாவது கல்லைப் புரட்டப் போனவன் மாதேசு. அவனுடைய தங்கை பொன்னுருவி திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய், அங்கே ஜெயசீலன் என்கிற கட்டிங் மாஸ்டரைக் கட்டிக்கொண்டாள். அவன் அவர்கள் சாதியும் இல்லை, அவர்கள் சாமியும் இல்லை. மாதேசுக்கு வந்த கோபம் பொய்க் கோபம் இல்லை. யாரும் சொல்வதற்கு முன்னால் அவனே தலைமுழுகினான், அவனே கடப்பாரையைத் தூக்கினான், எனக்குத் தங்கச்சி இல்லை என்று ஊர் நடுவில் சொல்லிவிட்டுத்தான் ஏறினான். ஆனால் கல்லின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து லேசாக நெம்பியதும், ஆறு வயதில் அந்தக் கல்லில் உட்கார்ந்துகொண்டு, நீ வந்து கூப்பிட்டால்தான் வருவேன் என்று அவள் அழும்பு பண்ணியது அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. கல்லை இருந்த இடத்திலேயே இறக்கினான். மடியில் இருந்த உளியை எடுத்து, அம்மி கொத்துவது போல மேல்முகம் பூராவும் கொத்திச் சொரசொரப்பாக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தான். அருவி இரைச்சலில் உளிச்சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. ஏறுகிறவர்கள் காலுக்குச் சொரசொரப்புத் தட்டியதும் புரட்டியாயிற்று என்று நம்பினார்கள்; உண்மையை அவன் மனைவி தாமரையிடம்கூடச் சொல்லவில்லை.

மூன்று வருசம் கழித்து, ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால்காரர் ரங்கன் இரண்டு கைகளிலும் பால்கேனோடு கடைசிப் படியில் ஏறக் காலைத் தூக்கினார். படி இருக்க வேண்டிய உயரத்தில் படி இல்லை. எட்டு லிட்டர் பால் தரையில் போயிற்று. எழுந்து உட்கார்ந்து, முட்டியைத் தடவிப் பார்த்து, சாண் வைத்து அளந்து பார்த்து, ஊர் இறங்கியிருக்கிறது என்று கூப்பிட்டுச் சொன்னார். யாருக்குப் பிள்ளை என்று ஒவ்வொரு வீட்டு வாசலாகக் கேட்டுக்கொண்டு போனார்கள். ஒரு வீட்டிலும் பிள்ளைத்தாய்ச்சி யாரும் இல்லை. கட்டிக்கொடுத்த பெண்களுக்கெல்லாம் போன் போட்டார்கள், எல்லோரும் இல்லை என்றார்கள், ஒருத்தி கோபித்துக்கொண்டாள்.

பிள்ளை இல்லாமல் பள்ளம் மட்டும் வந்ததில் மேட்டுக்கொம்பைக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பலகை போட்டுப் பார்த்தார்கள், மண்மூட்டை அடுக்கிப் பார்த்தார்கள், மேலேயிருந்து கொத்தனாரைக் கூட்டிவந்து சிமெண்டுப் படி கட்டிப் பார்த்தார்கள். கொத்தனார் கூலி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவதற்குள் அது ஆட ஆரம்பித்திருந்தது. இறங்குகிறவர்கள் குதித்தார்கள், ஏறுகிறவர்கள் ஒருவரையொருவர் கைகொடுத்துத் தூக்கினார்கள், பேசாதிருந்த பங்காளிகள் இரண்டு பேர் அதன் காரணமாகப் பேசிக்கொண்டது ஒன்றுதான் அந்த வாரத்தில் நடந்த நல்லது. கெட்டது என்னவென்றால், ஊர் யோசிக்க ஆரம்பித்தது. யோசித்து, ரங்கனின் மகள் கோகிலாவிடம் வந்து நின்றது. அவள் ஈரோட்டில் நர்சிங் படிக்கிறாள், கல்யாணம் ஆகவில்லை, ஐந்து மாதமாக ஊருக்கு வரவில்லை.

"பரிட்சைங்க, அதனாலதான் வரலீங்க," என்றார் ரங்கன், பால்கேனைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு.

"பரிட்சைக்கெல்லாம் ஊரு எறங்காதப்பா," என்றார் கெம்பண்ணர். குரலில் கோபம் இல்லை, சலிப்புதான் இருந்தது. "வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்போம். வேற ஆரும் எங்கூட்டுதுன்னு சொல்லலீன்னா, நீயே போயி அந்தப் புள்ளைக்குப் பண்ண வேண்டியதப் பண்ணீரு."

ரங்கன் மாட்டுக் கொட்டிலுக்குப் போய், சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. கூட்டத்தின் கடைசியில் நின்ற மாதேசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நழுவினான். ஊரிலேயே அந்தப் பள்ளம் யாருடையது என்று தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்று நினைத்தான்; சொன்னால் மூன்று வருசமாக ஊரை ஏமாற்றியவனும் அவன்தான். ஏமாற்றியதைவிடச் சிரமமான விஷயம் ஒன்று இருந்தது; படியில் ஏறி நின்று அந்த ஆளின் பெயரைத் தன் வாயால் சொல்ல வேண்டும்.

அதனால், எதையும் சொல்லாமல் காரியத்தை மட்டும் முடித்துவிடலாம் என்று, மேட்டுக்கொம்பைக்காரன் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனத்தைச் செய்தான். ஒரு கல்லைக் குத்துமதிப்பாக வெட்டி, எல்லோரும் மிளகுக் காட்டில் இருந்த நேரத்தில் கொண்டுபோய் வைத்தான். ஆடியது. கொஞ்சம் குறைத்து இன்னொன்று வெட்டினான், அதுவும் ஆடியது. மூன்றாவது கல்லை வெட்டிக்கொண்டிருந்தபோது தாமரை மோர்ச் சொம்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அளவே எடுக்காம இன்னும் எத்தன கல்லு வெட்டுவீங்க?" என்றாள். "போயி அளந்துட்டு வாங்க. பொட்டப்புள்ள. போன வாரம் செவ்வாக்கெழம வெடியால பொறந்துச்சு."

"உனக்கெப்புடித் தெரியும்?"

"ஊரு வெட்டி உட்டா போனுமா வெட்டிக்கும்? மூணு வருசமா வாரத்துக்கு ஒருக்கா பேசிக்கிட்டுத்தான் இருக்கறம்." அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, மோரை நீட்டினாள். "நீங்க கல்லப் பொரட்டலீன்னு அன்னைக்கு ஊரு எறங்குனப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அதுக்கு முந்தியே தெரிஞ்சிருந்தா உங்களோட இத்தன சண்ட போட்டிருக்க மாட்டேன். ஊரு எறங்குனத அவகிட்ட நான் சொல்லல, அத நீங்களே போயிச் சொல்லோணும்."

வியாழக்கிழமை காலையில் மஞ்சள் நூல்கண்டை மடியில் கட்டிக்கொண்டு, பள்ளத்தை எவ்விப் பிடித்து ஏறி, மாதேசு திருப்பூருக்குப் பஸ் பிடித்தான். தாமரை எழுதிக்கொடுத்த முகவரியில் எட்டு வீடு ஒரே சுவராக நின்ற ஒரு லைன் வீடு இருந்தது. ஐந்தாவது கதவில் பொன்னுருவி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். அவனைப் பார்த்து எழுந்திருக்கவில்லை, முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை.

"வாங்க," என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் அவனை வா, போ என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள். அந்த ஒரு 'ங்க' அவனுக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

"என்னத்துக்கு வந்தீங்க?"

"அளவெடுக்க வந்தேன் அம்மிணி."

"செத்தவ பெத்த புள்ளைக்கு எதுக்குங்க படி?"

"ஊரு எறங்கீருச்சு."

பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. சுவரைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். "அப்ப என்ற கல்லப் பொரட்டலியா?"

"இல்ல. மேலால கொத்தி உட்டுப்போட்டு வந்துட்டேன்."

அவள் அழுதாள். பிள்ளை பெற்ற உடம்பு, அழக்கூடாது என்று சொல்ல வந்தவனும் அழுதான். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அவள் வைதாள். "அத ஒரு போனப் போட்டுச் சொல்ல உனக்கு மூணு வருசம் ஆச்சா? நான் ஒவ்வொரு நாளும் குப்புறக் கெடக்கற மாதிரியே கெடந்தேன்டா இங்க." உனக்கு என்று அவள் சொன்னதில் அவனுக்குப் பாதி உயிர் வந்தது. நூலை எடுத்தான்.

"இரு," என்றாள். "அவரு சோத்துக்கு வருவாரு. குதிகால அவருதான் புடிக்கோணும். அப்பறம் இன்னொண்ணு. மூணு பேரையும் சொல்லோணும். ரெண்டச் சொல்லிப்போட்டு மூணாவத முழுங்கறதா இருந்தா நூல இங்கயே வெச்சுட்டுப் போயிரு."

ஒரு மணிக்கு ஜெயசீலன் வந்தான், கழுத்தில் இஞ்சு டேப்போடு. ஒல்லியான, கூச்சப்படுகிற ஆள். வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தே யாரென்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், செம்மண் அப்படி அப்பியிருந்தது. வாங்க என்றான், உட்காருங்க என்றான், பிறகு வேறு ஒன்றும் தோன்றாமல், "பொறந்த அன்னைக்கே அளந்துட்டேங்க, பத்தொம்போதே கால் இஞ்சு," என்றான்.

"நூல்லதான் அளக்கோணும்," என்றான் மாதேசு. உறவு முறை எதையும் சொல்லாமல் பேசினான். மாப்பிள்ளை என்ற வார்த்தை தொண்டை வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

பாயில் பிள்ளையைக் கிடத்தி, ஒருவன் தலைமாட்டிலும் ஒருவன் கால்மாட்டிலும் குந்தினார்கள். பிள்ளை உதைத்துக்கொண்டே இருந்தது, இரண்டு தடவை நூல் நழுவியது. மூன்றாவது தடவை ஜெயசீலன், துணியில் சுருக்கம் எடுக்கிற பழக்கத்தில், பிள்ளையின் முழங்காலை உள்ளங்கையால் மெல்ல நீவிவிட்டான், கால் நேராக நீண்டது, நூல் குதிகாலைத் தொட்டது. தன்னால் இவ்வளவு பக்குவமாகச் செய்திருக்க முடியாது என்று மாதேசுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை வெயில் வந்த நேரத்தில் ஊர் கூடியிருந்தது. ரங்கன் தலைமுழுகி, ஈர வேட்டியோடு கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊரார் அருவிப் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். அப்போது மாதேசு தோளில் கல்லோடு வந்து, யாரையும் பார்க்காமல் பள்ளத்தில் அதை இறக்கி, மண்ணைத் தட்டி, மேலே ஏறி நின்றான். கல் ஆடவில்லை. அது ஆடாமல் நின்றதை எல்லோரும் பார்த்தார்கள்.

"புள்ள பேரு ஸ்டெல்லா," என்றான். "தாய் பேரு பொன்னுருவி. தகப்பன் பேரு ஜெயசீலன்." முழுங்காமல் சொன்னான்.

"பொரட்டுன கல்லுக்கு எப்புடிறா ஊரு எறங்கும்?" என்று கேட்டார் கெம்பண்ணர்.

"பொரட்டலீங்க. மேலாக்கக் கொத்தி உட்டுட்டேன். பொரட்ட மனசு வரலீங்க."

திட்டுவதற்கு ஆள் இருந்தார்கள், முதலில் யார் திட்டுவது என்பதில் தயக்கம் இருந்தது. ரங்கன்தான் கடப்பாரையைக் கீழே போட்டார். வீட்டுக்குப் போய், ஈர வேட்டியை மாற்றாமலே பால்கேன்களை எடுத்துவந்து, "வழி உடு மாதேசு, நேரமாச்சு," என்று புதுப்படியில் காலை வைத்து ஏறிப் போனார். அவர் பின்னால் இரண்டு பெண்கள் ஏறினார்கள். ஸ்டெல்லா என்ற பெயரை ஒருத்தி இஸ்டெல்லா என்றும் மற்றவள் டெல்லா என்றும் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்கள். கெம்பண்ணர் மட்டும் படிக்கு முதுகைக் காட்டி அருவியைப் பார்த்து நின்றார், கூட்டம் கலைந்த பிறகும் நின்றார், வெயில் போன பிறகுதான் வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னுருவி பிள்ளையோடு வருவதாகத் தாமரைக்குப் போன் வந்திருந்தது. அன்று விடிந்து பார்த்தபோது ஊர் மூன்று சாண் இறங்கியிருந்தது. ஒரே இரவில் மூன்று சாண் இறங்கியதாகப் பரம்பரையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. புதுப்படி மாதேசின் இடுப்புக்கு மேலே நின்றது, அதன் கீழே வெறும் மண். மேலே, பதினேழு வருசமாக முரட்டு முகம் காட்டிக் கிடந்த ஒரு கல், மண் ஒட்டிய இழைத்த முகத்தோடு நிமிர்ந்து கிடந்தது. விடியாத நேரத்தில் ஏறிப்போய் அதைத் திருப்பிப் போட்டவர் கீழே இறங்க வழியில்லாமல் மாதேசின் கல்மேல் உட்கார்ந்திருந்தார், மடியில் கடப்பாரையோடு, கை முழுக்கச் சேறோடு. மூன்று விரலை மடக்கியும் நீட்டியும் எண்ணிக்கொண்டிருந்தார்.

"மாதேசா," என்றார் கெம்பண்ணர். "எனக்கு மூணு பேரப்புள்ளைங்கடா." சொல்லிவிட்டுச் சிறு பையன் மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நூலு மஞ்சள்ல நனைக்கறதா, தடவறதா?" என்று கேட்டார். நனைக்கறதுங்க என்றான் மாதேசு. அவரைத் தாங்கி இறக்கிவிட்டான். மூத்த மகனைக் கூப்பிட்டு, தங்கை இருக்கும் ஊர் எது என்று விசாரிக்கச் சொல்லிக்கொண்டே அவர் போனார். மற்ற நான்கு கல்லுக்கு உரியவர்கள் அன்று காலை முழுவதும் கடப்பாரை இருக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டு, வேறு எதையோ தேடுகிறவர்கள் போல நடமாடினார்கள்.

பத்து மணி வெயில் இறங்கியபோது படியில் மேலே மூன்று தலைகள் தெரிந்தன. பொன்னுருவி முன்னால் வந்தாள், குடையும் பையுமாக ஜெயசீலன் பின்னால், பிள்ளை அவன் கையில். நடுவில் ஒரு படியில் அவள் நின்று, செருப்பைக் கழற்றி, சொரசொரத்த கல்லில் வெறுங்காலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு கடைசிப் படிக்கு வந்து, கீழே பார்த்து, "என்ன இது, இவ்வளவு பள்ளம்?" என்றாள். பிள்ளை பெற்று இரண்டு வாரம் ஆகாத உடம்போடு அவளால் அதைக் குதிக்க முடியாது, கையில் பிள்ளையோடு அவனாலும் முடியாது. படிக்குமேல் அவர்கள் நின்றார்கள், படிக்குக் கீழே ஊர் நின்றது.

மாதேசு தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். பள்ளத்தின் ஓரத்துக்கு வந்து, தன் மகள் பெயரில் போட்ட படியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒல்லி மனிதனை நோக்கி இரண்டு கைகளையும் தூக்கினான்.

"மாப்ள," என்றான். "புள்ளையக் குடுங்க."